இன்ஸ்டாகிராமில் வந்த பாம்பு: விஞ்ஞானிகள் சமூக ஊடகத்தில் என்ன செய்கிறார்கள்?

2020 ஊரடங்கு. இமாச்சலப் பிரதேசத்தின் சம்பா பகுதியில் வீரேந்தர் பரத்வாஜ் என்ற முதுகலை மாணவர் வீட்டோடு கிடந்தார். அமிர்தசரஸில் படிப்பு, ஊரில் அடைப்பு. வீட்டைச் சுற்றிக் கண்ணில் படும் பூச்சி, பல்லி, தவளை, பாம்பு என்று எல்லாவற்றையும் படம் எடுத்து இன்ஸ்டாகிராமில் போட்டுக்கொண்டிருந்தார். அதில் ஒன்று குக்ரி பாம்பின் படம். கூர்க்காக்கள் வைத்திருக்கும் வளைந்த கத்திக்குத்தான் குக்ரி என்று பெயர். இந்தப் பாம்பின் பல் அந்த வடிவில் இருப்பதால் அதற்கும் அதே பெயர்.

அந்தப் படம் பெங்களூரில் இருந்த ஜீஷான் மிர்சாவின் கண்ணில் பட்டது. அவர் தேசிய உயிரியல் அறிவியல் மையத்தில் ஊர்வனவற்றை ஆராய்ந்து வந்தவர். பாம்புகளைப் பார்த்தே காலம் தள்ளுகிற ஆளுக்கு, பார்த்தவுடன் இது இன்ன இனம் என்று சொல்ல வரவில்லை. அதுதான் பொறி. பரத்வாஜைத் தொடர்புகொண்டார். அப்புறம் பாம்பைத் தேடிப் பிடிக்க வேண்டியிருந்தது. மூடிக் கிடந்த ஆய்வகங்கள் திறக்கக் காத்திருக்க வேண்டியிருந்தது. டி.என்.ஏ. எடுத்தார்கள், மைக்ரோ சி.டி. ஸ்கேனில் எலும்பமைப்பைப் பார்த்தார்கள், தெரிந்த இனங்களோடு ஒப்பிட்டார்கள். 2021 டிசம்பரில் கட்டுரை வெளிவந்தது. அந்தப் பாம்பு அறிவியலுக்குப் புதிது. சுராஹ் பள்ளத்தாக்கின் பெயரால் ஒலிகோடான் சுராஹென்சிஸ் என்று பெயர் வைத்தார்கள். கட்டுரை எழுதிய மூவரில் பரத்வாஜும் ஒருவர்.

‘இன்ஸ்டாகிராமில் புதிய பாம்பு கண்டுபிடிப்பு’ என்றுதான் பத்திரிகைகள் தலைப்பு போட்டன. பாதி உண்மை. இன்ஸ்டாகிராமில் நடந்தது ஒரு சந்தேகம் மட்டும். அந்தச் சந்தேகம் முடிவாக மாற ஒன்றரை வருடம் ஆனது, அதற்கு ஸ்கேனரும் டி.என்.ஏ.வும் வேண்டியிருந்தன. விஞ்ஞானிகள் சமூக ஊடகத்தை எதற்குப் பயன்படுத்துகிறார்கள் என்று கேட்டால் என் பதில் இந்தக் கதைக்குள்ளேயே இருக்கிறது: துப்பு அங்கே கிடைக்கும், தீர்ப்பு அங்கே கிடைக்காது. இரண்டையும் குழப்பிக்கொண்டவர்கள் அடிபட்ட கதைகளும் உண்டு, அவற்றுக்கும் வருகிறேன்.

வழக்கமான பாதை எது?

முதலில் ஆராய்ச்சி எப்படி வெளியே வருகிறது என்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஆய்வாளர் ஒரு வேலையை முடித்துக் கட்டுரை எழுதி ஓர் ஆய்விதழுக்கு அனுப்புகிறார். ஆசிரியர் அதை அதே துறையைச் சேர்ந்த இரண்டு மூன்று பேருக்கு அனுப்புகிறார். அவர்கள் படித்துக் குறை சொல்கிறார்கள். இதற்குச் சக ஆய்வாளர் மதிப்பீடு என்று பெயர். திருத்தி, மறுபடி அனுப்பி, அச்சாகும்போது பல மாதம் ஓடிவிடும், சில நேரம் ஒரு வருடத்துக்கும் மேல். இதற்கிடையில் மற்றவர்கள் என்ன செய்கிறார்கள் என்பது மாநாட்டில் டீ குடிக்கும் இடைவேளையில்தான் தெரியவரும். மாநாட்டுக்குப் போகக் காசும் விசாவும் இருப்பவர்களுக்கு, அதாவது.

இந்தத் தாமதத்தைத் தாண்ட இயற்பியலாளர் பால் கின்ஸ்பார்க் 1991ல் அமெரிக்காவின் லாஸ் அலமோஸில் ஓர் இணையக் கிடங்கைத் தொடங்கினார். இன்று அதன் பெயர் ஆர்க்கைவ். மதிப்பீட்டுக்கு முந்தைய கட்டுரையை அப்படியே போட்டுவிடலாம், யாரும் இலவசமாகப் படிக்கலாம். இப்படிப் போடும் கட்டுரைக்கு ப்ரீபிரின்ட் என்று பெயர். இந்தச் சொல்லை நினைவில் வையுங்கள், கீழே திரும்ப வரும்.

சமூக ஊடகம் செய்தது அந்த டீ இடைவேளைப் பேச்சை எல்லோருக்கும் கேட்கும்படி ஆக்கியதுதான்.

கேட்டால் யாராவது சொல்வார்கள்

2011ல் தென் அமெரிக்காவின் கயானா நாட்டில் குயூனி ஆற்றில் மீன் கணக்கெடுக்கப் போன குழு ஒன்று மாட்டிக்கொண்டது. அமெரிக்காவின் ஓரிகான் மாநிலப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பிரையன் சிட்லாஸ்காஸ் அதில் இருந்தார். கையில் 5,000க்கும் மேல் மீன்கள். எந்த இனத்தில் எத்தனை என்று பட்டியல் கொடுத்தால்தான் நாட்டை விட்டு வெளியே எடுத்துப் போக அனுமதி. இருந்ததோ ஒரு வாரம்தான். பக்கத்தில் நூலகமும் இல்லை, ஒப்பிட்டுப் பார்க்க அருங்காட்சியகமும் இல்லை. படங்களை ஃபேஸ்புக்கில் ஏற்றினார்கள். அவர்களுடைய நண்பர் பட்டியலில் இருந்தவர்கள் பலரும் மீன் ஆய்வாளர்கள். 24 மணி நேரத்துக்குள் கிட்டத்தட்ட 90 சதவீதத்துக்குப் பெயர் வந்துவிட்டது.

இதில் கவனிக்க வேண்டியது, பதில் சொன்னது ‘கூட்டம்’ இல்லை. அந்த நண்பர் பட்டியல் பல வருடம் மாநாடுகளில் கைகுலுக்கிச் சேர்த்தது. நம் மாமா, சித்தி, பள்ளித் தோழர்கள் இருக்கும் பட்டியலில் அதே படத்தைப் போட்டால் ‘குழம்புக்கு நல்லா இருக்குமா?’ என்றுதான் பதில் வரும்.

ஆனால் துறைக்கு வெளியே உள்ளவர்களின் கண்ணும் சில நேரம் வேலை செய்கிறது. கனடாவின் ஆல்பர்ட்டாவில் துருவ ஒளியை, அதாவது துருவங்களை ஒட்டிய பகுதிகளில் இரவு வானில் தெரியும் வண்ண ஒளியை, படம் எடுப்பவர்களுக்கு ஒரு ஃபேஸ்புக் குழு உண்டு. ஊதா நிறத்தில் வானத்தின் குறுக்கே நீளும் மெல்லிய ரிப்பன் ஒன்றை அவர்கள் அடிக்கடி படம் பிடித்து, ‘புரோட்டான் வில்’ என்று சொல்லிவந்தார்கள். கால்கரி பல்கலைக்கழகத்தின் எரிக் டோனவன் அவர்களை ஒரு பப்பில் சந்தித்தபோது அந்தப் படங்களைப் பார்த்தார். புரோட்டான் துருவ ஒளி அப்படிக் கண்ணுக்குத் தெரியாது என்பது அவருக்குத் தெரியும். அப்படியானால் இது என்ன? பெயர் தெரியாத வரைக்கும் இருக்கட்டும் என்று குழுவில் ஒருவர் ‘ஸ்டீவ்’ என்று வைத்தார். பிறகு ஐரோப்பாவின் ஸ்வார்ம் செயற்கைக்கோள் ஒன்று அதன் ஊடாகவே பறந்த தரவு கிடைத்தது. சுமார் 25 கிலோமீட்டர் அகலமுள்ள வெப்ப வாயு ஓட்டம், நொடிக்குச் சுமார் 6 கிலோமீட்டர் வேகம். 2018ல் கட்டுரை வந்தது. படக்காரர்களின் பெயரும் ஆசிரியர் பட்டியலில் இருந்தது. ஸ்டீவ் என்ற பெயரை மாற்ற மனம் வராமல், அதற்குப் பொருந்தும்படி ஒரு நீளமான அறிவியல் விரிவாக்கத்தை உருவாக்கிவிட்டார்கள்.

நம் ஊரில் பொங்கல் விடுமுறையில் நடக்கும் பறவைக் கணக்கெடுப்பும் இந்த வகைதான். குளக்கரையில் நின்று எண்ணியதை இ-பேர்ட் செயலியில் ஏற்றிவிட்டால், அந்தக் கொக்கும் நாரையும் உலகளாவிய தரவில் ஒரு வரியாகிவிடுகின்றன.

23 நாள் திருவிழா

2023 ஜூலை 22 அன்று தென் கொரியக் குழு ஒன்று ஆர்க்கைவில் ப்ரீபிரின்ட் போட்டது. எல்.கே.-99 என்ற பொருள் அறை வெப்பநிலையிலேயே மீகடத்தி என்றது. மீகடத்தி என்றால் மின்தடை துளியும் இல்லாமல் மின்சாரம் ஓடும் பொருள். இதுவரை தெரிந்தவற்றுக்குக் கடுங்குளிர் வேண்டும், அல்லது நசுக்கும் அழுத்தம் வேண்டும். இரண்டும் வேண்டாம் என்றால் மின்கம்பி முதல் மருத்துவமனை எம்.ஆர்.ஐ. வரை எல்லாம் மாறும்.

செய்முறை எளிது. ஈயச் சேர்மங்களும் காப்பர் பாஸ்ஃபைடும் 925 டிகிரி செல்சியஸ் உலையும் இருந்தால் போதும். காந்தத்தின் மேல் ஒரு முனை தூக்கி நிற்கும் கறுப்புச் சில்லின் வீடியோவும் கூடவே வந்தது. அவ்வளவுதான். ட்விட்டரே இரண்டாகப் பிளந்தது. (அதே வாரம்தான் அது தன் பெயரை எக்ஸ் என்று மாற்றிக்கொண்டது. யாரும் கவலைப்பட்டதாகத் தெரியவில்லை.) அமெரிக்காவில் ஒரு பொறியாளர் தம் அலுவலக உலையில் அதைச் செய்வதை நேரலையில் காட்டினார். பார்வையாளர்கள் உலையையே முறைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

சத்தத்துக்கு நடுவே உண்மையான வேலையும் நடந்துகொண்டிருந்தது. டெல்லியில் உள்ள தேசிய இயற்பியல் ஆய்வகத்தில் வி.பி.எஸ். அவானாவின் குழு அந்தப் பொருளைச் செய்து பார்த்தது. தங்கள் மாதிரியில் அறை வெப்பநிலை மீகடத்தல் தெரியவில்லை என்றது. முடிவுகளை அவானா தம் ஃபேஸ்புக் பக்கத்திலும் பகிர்ந்துவந்தார், ஆர்க்கைவிலும் போட்டார்கள்.

எனக்குப் பிடித்தது ஓர் எண்ணின் கதை. கொரியர்களின் வரைபடத்தில் மின்தடை சட்டென்று விழும் இடம் 104.8 டிகிரி செல்சியஸ். இல்லினாய் பல்கலைக்கழக வேதியியலாளர் பிரசாந்த் ஜெயின் அந்த எண்ணைப் பார்த்ததும் நின்றார். எங்கேயோ பார்த்த எண்! அவர் ஆராய்ந்த காப்பர் சல்ஃபைடு அந்த வெப்பநிலையில்தான் தன் உள் அமைப்பை மாற்றிக்கொள்ளும், அப்போது அதன் மின்தடை இறங்கும். கொரியச் செய்முறையில் காப்பர் சல்ஃபைடு கழிவாகச் சேரவே செய்யும். ஆக, அளந்தது எல்.கே.-99ன் குணத்தை இல்லை, அதில் கலந்திருந்த அழுக்கின் குணத்தை. ஆகஸ்ட் நடுவில் ஜெர்மனியின் ஸ்டுட்கார்ட் மாக்ஸ் பிளாங்க் நிறுவனக் குழு அழுக்கே இல்லாத படிகத்தை வளர்த்துப் பார்த்தது. ஊதா நிறத்தில் கண்ணாடி மாதிரி இருந்தது, மின்சாரத்தைக் கடத்தவே மறுத்தது.

இதை வைத்து ‘சமூக ஊடகம் அறிவியலைக் கெடுத்துவிட்டது’ என்று சிலர் புலம்பினார்கள். எனக்கு நேர் எதிராகத் தோன்றுகிறது. பழைய பாதையில் வருடக்கணக்கில் இழுத்திருக்கும் விவகாரம் 23 நாளில் முடிந்தது. கெட்டுப்போனது அந்த 23 நாளில் பங்குச் சந்தையில் காசு போட்டவர்களின் கணக்கு மட்டும்தான்.

தப்பைப் பிடிப்பவர்கள்

அச்சானபின் ஒரு கட்டுரையைக் கேள்வி கேட்பது முன்பெல்லாம் கடினம். ஆசிரியருக்குக் கடிதம் எழுத வேண்டும், அவர் மனம் வைத்தால் போடுவார். 2010 டிசம்பரில் ‘சயின்ஸ்’ இதழில் ஒரு கட்டுரை வந்தது. கலிஃபோர்னியாவின் மோனோ ஏரியில் கிடைத்த பாக்டீரியா, உயிர்களுக்கு அவசியமான பாஸ்பரசுக்குப் பதில் நஞ்சான ஆர்செனிக்கை வைத்து வாழ்கிறது என்றது. நாசாவே பத்திரிகையாளர்களைக் கூட்டி அறிவித்தது. இரண்டே நாளில் கனடாவின் நுண்ணுயிரியலாளர் ரோஸி ரெட்ஃபீல்ட் தம் வலைப்பதிவில் அதைப் பிரித்து மேய்ந்துவிட்டார். அதோடு விடாமல் பரிசோதனையைத் தாமே செய்து, தினசரி நோட்டுப் புத்தகத்தை எல்லோரும் படிக்கும்படி இணையத்தில் போட்டுக்கொண்டே போனார். 2012ல் அவர் குழுவின் மறுப்பு அதே இதழில் வந்தது. மூலக் கட்டுரையை இதழ் திரும்பப் பெற்றது 2025 ஜூலையில். ஆம், மறுப்பு வந்து 13 வருடம் கழித்து. அதன் ஆசிரியர்கள் அப்போதும் ஒப்புக்கொள்ளவில்லை.

2012 முதல் பப்பியர் என்ற தளத்தில் எந்தக் கட்டுரைக்குக் கீழேயும் சந்தேகத்தை எழுதலாம், பெயர் சொல்லாமலும் எழுதலாம். நுண்ணுயிரியலாளர் எலிசபெத் பிக் இதில் பெரிய ஆள். 2016ல் அவரும் இன்னும் இருவரும் வெளியிட்ட ஆய்வில் 20,621 கட்டுரைகளின் படங்களைக் கண்ணாலேயே பார்த்திருந்தார்கள். சுமார் 3.8 சதவீதத்தில் ஒரே படம் வேறு வேறு பரிசோதனையின் படமாக வந்திருந்தது அல்லது அதுபோல் வேறு கோளாறு இருந்தது. அவர் சில நேரம் ட்விட்டரில் ஒரு படத்தைப் போட்டு ‘எது இரண்டு முறை வந்திருக்கிறது, கண்டுபிடியுங்கள்’ என்று வாசகர்களிடம் விட்டுவிடுவார். வார இதழ்களில் வரும் ‘ஆறு வித்தியாசங்கள்’ விளையாட்டுக்குத் தலைகீழ்.

வேகத்தின் இரண்டு முகம்

2020 ஜனவரி 11. சீனாவின் ஜாங் யோங்ஜென் குழு படித்தெடுத்த புதிய கொரோனா வைரஸின் மரபணு வரிசையை, சிட்னியில் இருந்த எட்வர்ட் ஹோம்ஸ் ஒரு திறந்த தளத்தில் ஏற்றிவிட்டு இணைப்பை ட்விட்டரில் போட்டார். சுமார் 30,000 எழுத்துகள். உலகெங்கும் பரிசோதனைக் கருவியும் தடுப்பூசியும் வடிவமைக்கும் வேலை அதை வைத்துத்தான் தொடங்கியது. வைரஸ் தங்கள் ஊருக்கு வருமுன்பே அதன் எழுத்துகள் ஆய்வகங்களுக்கு வந்துவிட்டன.

அதே மாதம் 31ஆம் தேதி, டெல்லியைச் சேர்ந்த குழு ஒன்று ஒரு ப்ரீபிரின்ட் போட்டது. புதிய வைரஸில் எச்.ஐ.வி.யை ஒத்த சில துண்டுகள் இருப்பது விசித்திரம் என்றது. துறை அறிந்தவர்கள் உடனே ட்விட்டரிலும் கருத்துப் பகுதியிலும் பாய்ந்தார்கள்: அந்தத் துண்டுகள் மிகக் குட்டி, தேடினால் எந்தெந்த உயிரியிலோ எல்லாம் கிடைக்கும். இரண்டே நாளில் ஆசிரியர்கள் திரும்பப் பெற்றுக்கொண்டார்கள். திருத்தும் ஏற்பாடு சரியாகவே வேலை செய்தது. ஆனால் வாட்ஸ்அப்பில் ஏறிய செய்தியைத் திரும்பப் பெற யாரால் முடியும்? ‘எய்ட்ஸ் கிருமியைக் கலந்து செய்தது’ என்று எங்கள் குடும்பக் குழுவிலேயே ஒரு பெரியவர் பல மாதம் கழித்துப் பகிர்ந்தார். ப்ரீபிரின்ட் என்றால் என்ன என்று அவருக்கு விளக்க முயன்று தோற்றேன். அந்தக் கடுப்பில்தான் இந்தக் கட்டுரையை எழுதும் எண்ணமே வந்தது.

நாமே தரவாகும்போது

இன்னொரு வகைப் பயன்பாடும் உண்டு. ஆய்வாளர்கள் சமூக ஊடகத்தில் பேசுவது ஒரு பக்கம், நாம் பேசுவதை அவர்கள் ஆராய்வது மறுபக்கம். வதந்தி எப்படிப் பரவுகிறது, வெள்ளத்தில் எங்கே உதவி கேட்கிறார்கள் என்பதற்கெல்லாம் பதிவுகளே தரவு. இதில் எல்லை எங்கே என்ற கேள்வியைக் கிளப்பியது 2014ல் வந்த ஓர் ஆய்வு. ஃபேஸ்புக் 2012 ஜனவரியில் ஒரு வாரத்துக்கு 6,89,003 பேரின் பக்கத்தில் மகிழ்ச்சியான பதிவுகளையோ சோகமான பதிவுகளையோ குறைத்துக் காட்டியது. அவர்கள் எழுதுவது மாறுகிறதா என்று பார்த்தது. மாற்றம் மிகச் சிறியது, எழுந்த கோபம் பெரியது. ‘எங்களை யார் கேட்டார்கள்?’ என்பதற்கு, கணக்குத் தொடங்கும்போது நீங்கள் அழுத்திய ‘ஒப்புக்கொள்கிறேன்’தான் பதிலாக வந்தது. மருத்துவ ஆய்வில் இப்படி ஒரு ஒப்புதலைக் காட்டினால் நெறிமுறைக் குழு வாசலிலேயே திருப்பி அனுப்பும்.

2023ல் ட்விட்டர் தன் தரவை இலவசமாகத் தருவதை நிறுத்தியதும் இந்த வகை ஆய்வுகள் பல நின்றுபோயின. வாடகை வீட்டில் ஆணி அடித்த கதைதான். ஆய்வாளர்களில் ஒரு பகுதியினர் மாஸ்டோடான், புளூஸ்கை என்ற வேறு சமூக ஊடகங்களுக்கு மூட்டை கட்டினார்கள்.

நீங்கள் புதிதாகத் தொடங்கினால்

ஆராய்ச்சி மாணவராக இருந்தால் முதல் வேலை ஆர்கிட் (ORCID) என்ற ஆய்வாளர் அடையாள எண் வாங்குவது. 16 இலக்கம், இலவசம், உங்களுக்கு மட்டுமே உரியது. தமிழர்களுக்கு இது இன்னும் அவசியம். நம் பெயரில் குடும்பப் பெயர் கிடையாது, இனிஷியல்தான். ஓர் இதழில் ‘எஸ். குமார்’, இன்னொன்றில் ‘குமார் சுப்ரமணியன்’, மூன்றாவதில் அப்பா பெயர் முன்னால் வந்து ‘சுப்ரமணியன் கே.’ என்று அச்சாகும். இணையத்துக்கு இவர்கள் மூன்று பேர். அந்த எண் ஒன்றுதான் மூவரையும் ஒருவராக்கும்.

காசு கட்டினால்தான் திறக்கும் கட்டுரை வேண்டுமென்றால், எழுதியவருக்கே மின்னஞ்சலில் கேளுங்கள். பெரும்பாலும் சந்தோஷமாக அனுப்புவார்கள். தம்மைப் படிக்க ஓர் ஆள் கிடைத்தாரே என்ற சந்தோஷம்தான். 2011 வாக்கில் ட்விட்டரில் இதற்கென்றே ‘ஐ கேன் ஹாஸ் பி.டி.எஃப்.’ என்று ஒரு ஹேஷ்டேக் பரவியது. கட்டுரையின் இணைப்பைப் போட்டு, மின்னஞ்சல் முகவரியைக் கொடுத்தால் யாராவது அனுப்புவார்கள், வந்ததும் பதிவை அழித்துவிட வேண்டும். அந்த அழிப்பே சொல்லிவிடும், காப்புரிமைச் சட்டத்தின் ஓரத்தில் நடந்த வேலை அது. ஆய்வாளர்கள் கட்டுரைகளைப் பகிரும் ரிசர்ச்கேட் போன்ற தளங்களில் அச்சான பி.டி.எஃப்.ஐ ஏற்றும் முன்பும் இதழின் விதியைப் பாருங்கள். இந்த விஷயத்தில் பதிப்பாளர்கள் 2017ல் அந்தத் தளத்தின் மேல் வழக்கே போட்டார்கள்.

உயிரினங்களைப் படம் எடுப்பவர் என்றால் ஒரு எச்சரிக்கை. அரிய விலங்கின் படத்தோடு இடத்தைக் காட்டாதீர்கள். 1999ல் சீனாவில் ஒரு குகைப் பல்லியை விவரித்த கட்டுரை அது வாழும் இடத்தையும் சொல்லியது. அதைப் படித்துக்கொண்டு வந்த பிடிகாரர்கள் அந்த இடத்தையே துடைத்துவிட்டார்கள். உயிரினப் படங்களைப் பதிவுசெய்யும் ஐநேச்சுரலிஸ்ட் தளத்தில் அழியும் நிலையில் உள்ள இனங்களின் சரியான இடத்தைத் தானாகவே மறைத்துவிடுவார்கள். இன்ஸ்டாகிராமுக்கு அந்தப் பொறுப்பெல்லாம் கிடையாது, நீங்கள்தான் பார்த்துக்கொள்ள வேண்டும்.

வசவும் வரும். 2021ல் ‘நேச்சர்’ இதழ், கோவிட் பற்றி ஊடகங்களில் பேசிய 321 விஞ்ஞானிகளிடம் கேட்டபோது 15 சதவீதத்தினர் கொலை மிரட்டல் வந்ததாகச் சொன்னார்கள். பேசாமல் இருக்க விரும்புகிறவரைக் குறை சொல்ல மாட்டேன். பதிவே போடாமல், நல்ல ஆய்வாளர்கள் பேசுவதைப் படித்துக்கொண்டு மட்டும் இருப்பதும் நல்ல பயன்பாடுதான்.

கடைசியாக ஒரு மரவட்டை. தொட்டால் சுருண்டுகொள்ளுமே, ரயில் பூச்சி என்றும் சொல்வோம், அதுதான். அமெரிக்க ஆய்வாளர் ஒருவர் ட்விட்டரில் போட்ட மரவட்டைப் படத்தை கோபன்ஹேகனில் இருந்த அனா சோஃபியா ரெபொலெய்ரா பார்த்தார். உடலில் சில சிறு புள்ளிகள். தூசி என்று கடந்துவிடலாம். அவருக்கு அது பூஞ்சையாகப் பட்டது. அமெரிக்க மரவட்டைகளில் அந்த வகைப் பூஞ்சையை அதுவரை யாரும் பார்த்ததில்லை. அருங்காட்சியகத்துக்குள் போய், பல காலமாகச் சாராயத்தில் ஊறிக் கிடந்த மரவட்டைகளை நுண்ணோக்கியில் வைத்துத் தேடினார். இருந்தது. 2020ல் அதற்கு வைத்த பெயர் ட்ரோக்ளோமைசஸ் ட்விட்டரி. மூன்று வருடத்தில் ட்விட்டர் எக்ஸ் ஆகிவிட்டது. உயிரினப் பெயரிடும் விதிப்படி பூஞ்சையின் பெயரை அப்படியெல்லாம் மாற்ற முடியாது.